புதுத் தொல்லை வந்தால் முதலில் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள்

எனக்கு 71 வயது. என் கணவருக்கு 77. இரண்டு பேருக்கும் பிரஷர் உண்டு. எனக்கு அது இருப்பதே 61 வயதில், கண்புரை ஆபரேஷனுக்குப் போன இடத்தில்தான் தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் பார்த்தபோது 172/98. தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, அன்று காலையில்கூட மொட்டை மாடிக்குப் போய் வடகம் காயவைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். "முதல்ல இதைக் குறைச்சுட்டு வாங்கம்மா, அப்புறம் கண்ணைப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பத்து வருஷத்தில் பிரஷரால் நேரடியாகப் பட்ட சிரமம் என்று சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பட்டதெல்லாம் மாத்திரைகளால்தான். அதற்காக மாத்திரை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் அம்மா பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, நாலு வருஷம் படுக்கையில் கிடந்துதான் போனார். அவருக்குப் பிரஷர் இருந்ததை அதுவரை யாரும் பார்க்கவே இல்லை. மாத்திரை வேண்டும், தினமும் வேண்டும். ஆனால் வயதான காலத்தில் புதிதாக ஒரு தொல்லை தலைகாட்டினால் அது புது வியாதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போன மாதம் தொடங்கிய மாத்திரையாகவும் இருக்கலாம். இது தெரியாததால் எங்கள் வீட்டில் ஒரு மாத்திரைக்கு இன்னொரு மாத்திரை, அதற்கு இன்னொன்று என்று சேர்ந்துகொண்டே போனது. ஒருமுறை உயிருக்கே ஆபத்தாகவும் ஆனது. இந்த வயதில் இருப்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் கொடுத்தது எனலாப்ரில், 5 மி.கி. பிரஷர் நன்றாகவே இறங்கியது, கண் ஆபரேஷனும் முடிந்தது. சில வாரம் கழித்துத் தொண்டையில் ஒரு குறுகுறுப்பு வந்தது. பின்னாலேயே இருமல். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, வெறும் வறட்டு இருமல். படுத்தால் அதிகமாகும். இருமி இருமி விலாவெல்லாம் வலிக்கும். இந்த வயதுப் பெண்களுக்கு இருமும்போது சிறுநீர் கசிவதும் உண்டு. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுப் பலரும் மறைத்துவிடுகிறார்கள். அதற்குப் பயந்தே நான் கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

இருமல் மருந்து குடித்தேன். அலர்ஜி மாத்திரை கொடுத்தார்கள், பகலெல்லாம் தூக்கம் சொக்கியது. மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. இதற்கிடையில் நாட்டு மருந்துக் கடை அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வது, பொடித்துப் பாலில் போட்டுக் குடிப்பது என்று வீட்டு வைத்தியமும் நடந்தது. எங்கள் பக்கம் இருமல் என்றால் அதிமதுரம்தான். அடுத்த முறை பார்த்தபோது பிரஷர் மறுபடி 160ஐத் தாண்டியிருந்தது. மாத்திரையை 10 மி.கி. ஆக்கினார்கள். இருமல் அப்படியே இருந்தது.

மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போயிருந்தபோது அங்கே பார்த்த ஒரு பெண் மருத்துவர்தான் விஷயத்தைப் பிடித்தார். பழைய சீட்டுகளையெல்லாம் தேதி வாரியாக மேஜையில் அடுக்கச் சொன்னார். "மாத்திரை எப்ப ஆரம்பிச்சீங்க, இருமல் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதுமே எனக்கும் புரிந்துவிட்டது. "வேற என்னம்மா சாப்பிடுறீங்க? கஷாயம், பொடி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்றார். அதிமதுரம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று "பிரில்" என முடியும் மாத்திரைகள் உடம்பிலுள்ள ஒரு நொதியைத் தடுத்துத்தான் பிரஷரைக் குறைக்கின்றன. பிராடிகைனின் என்ற ஒரு பொருளை உடைப்பதும் அதே நொதிதான். அதைத் தடுத்துவிட்டால் பிராடிகைனின் சேர்ந்துபோய்ச் சிலருக்கு இருமலைக் கிளப்பிவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். சிலருக்குச் சில நாளிலேயே வரும், சிலருக்கு மாதக்கணக்கில் கழித்தும் வரும். இருமல் மருந்துக்கு அது கேட்காது. மாத்திரையை மாற்றினால்தான் நிற்கும். அதிமதுரத்தில் கிளிசிரைசின் என்ற பொருள் இருக்கிறது. தொடர்ந்து சாப்பிட்டால் அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றிவிடும். மாத்திரையால் வந்த இருமலுக்கு நான் சாப்பிட்ட பொருள், அந்த மாத்திரையின் வேலையையே கெடுத்துக்கொண்டிருந்தது.

மாத்திரையை டெல்மிசார்டான் 40 மி.கி. என்று மாற்றினார். "சார்டான்" என முடியும் இந்த வகையில் இருமல் அவ்வளவாக வருவதில்லை. "மாத்தின உடனே நிக்காதும்மா, சில வாரம் ஆகும், பொறுத்துக்கங்க" என்று முதலிலேயே சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருந்தால் பத்து நாளில் இதுவும் சரியில்லை என்று வேறு மருத்துவரிடம் போயிருப்பேன். மாதம் ஒன்று தாண்டியபின் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினேன்.

அடுத்தது கால் வீக்கம். 66 வயதில் பிரஷர் மறுபடி கொஞ்சம் ஏறியபோது டெல்மிசார்டானோடு அம்லோடிபின் 5 மி.கி. சேர்த்தார்கள், பிறகு அதை 10 ஆக்கினார்கள். 5இல் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. 10 ஆன சில வாரத்தில் சாயந்திரமானால் செருப்பு வார் பட்ட இடம் பள்ளமாகத் தெரிந்தது. மெட்டி இறுகியது. கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். காலையில் வடிந்திருக்கும், பொழுது சாயச் சாய ஏறும். சிறுநீரகம் போய்விட்டதோ, இதயம் பலவீனமாகிவிட்டதோ என்று வீடே கலங்கிப்போனது. ஊரில் ஒருவர் நீர் பிரிய ஃபியூரோசிமைடு எழுதிக் கொடுத்தார். ராத்திரியில் பாத்ரூமுக்கு நடையாய் நடந்ததும், கெண்டைக்கால் சதை பிடித்து இழுத்ததும்தான் மிச்சம். வீக்கம் வடியவில்லை.

வடியாததற்குக் காரணம் இருக்கிறது. அம்லோடிபின் சிறு தமனிகளைத் தளர்த்திவிடுகிறது, சிரைகளை அந்த அளவுக்குத் தளர்த்துவதில்லை. அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிந்து காலில் தங்குகிறது. உடம்பில் நீர் அதிகமாகி வரும் வீக்கம் இல்லை இது. நீர் மாத்திரை போட்டால் உடம்பில் இருக்கும் நீரும் பொட்டாசியமும் போகுமே தவிர, கால் வீக்கம் பெரிதாகக் குறையாது. மாத்திரையின் அளவு கூடினால் வீக்கமும் கூடும், பெண்களுக்கு இன்னும் அதிகம். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்று உறுதியானபின், கோயம்புத்தூர் மருத்துவர் அம்லோடிபினை மறுபடி 5 ஆக்கி, டெல்மிசார்டானை 80 ஆக்கினார். ஃபியூரோசிமைடை நிறுத்தினார். கால் பழையபடி ஆனது.

கால் வீங்கினாலே மாத்திரைதான் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, முகமும் சேர்ந்து வீங்கினாலோ அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பரிசோதனை செய்து பார்த்தபின்தான் மாத்திரை மேல் பழி போடலாம்.

என் கதை இவ்வளவுதான். என் கணவர் விஷயம்தான் பெரிது.

அவர் ஒரு அரிசி ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுச் செலவை இன்றைக்கும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நோட்டில் எழுதிவிடுவார். பால், காய், பேப்பர் என்று வரிவரியாக இருக்கும். போன வருஷம் பிரஷர் சரியாகக் கட்டுப்படவில்லை என்று அவருடைய மாத்திரையை மாற்றி, டெல்மிசார்டானோடு குளோர்தாலிடோன் 12.5 மி.கி. சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு எல்லாம் நீர் பிரிய வைத்துப் பிரஷரைக் குறைக்கும், தயசைடு வகை நீர் மாத்திரைகள். விலை குறைவு, பழைய மருந்து, நன்றாக வேலை செய்யும் மருந்தும்கூட. பிரஷர் அழகாக 130க்கு வந்தது. அப்போது சித்திரைப் பின்பாதி, அக்கினி நட்சத்திர வெயில். உப்பைக் குறை என்று சொல்லியிருந்ததால் அவர் பாதிச் சாப்பாட்டை உப்பில்லாமலே சாப்பிட்டார். வெயிலுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள் என்று செம்பு செம்பாகக் குடித்தார்.

முதலில் சோர்வு. அப்புறம் சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டல். நடை தள்ளாடியது. வயசாச்சு, வெயில் வேறு என்று நினைத்தோம். ஒரு ராத்திரி நோட்டை எடுத்துப் பார்க்கிறேன், ஒரே வரியில் பால், பால், பால் என்று மூன்று தரம் எழுதியிருக்கிறார். எழுத்து கோணிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. காலையில் என்னிடம், "தம்பி வந்துட்டானா?" என்று கேட்டார். அவருடைய தம்பி இறந்து பல வருஷம் ஆகிறது.

மறதி நோய் வந்துவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். பக்கவாதமோ என்று நான் பயந்தேன். ஆஸ்பத்திரியில் தலை ஸ்கேன் சாதாரணமாக இருந்தது. ரத்தத்தில் சோடியம் பார்த்தால் 119. இருக்க வேண்டியது 135 முதல் 145. நீர் மாத்திரை சிறுநீரில் உப்பை வெளியேற்றியது, சிறுநீரகத்தால் அதிகப்படி தண்ணீரை வெளியேற்றவும் முடியவில்லை. வேர்வையில் இன்னும் கொஞ்சம் போனது. குடித்ததெல்லாம் வெறும் தண்ணீர், சாப்பிட்டது உப்பில்லாத சோறு. எல்லாம் சேர்ந்து ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மூளையைக் குழப்பிவிட்டது. இது முதியவர்களுக்கு, அதிலும் ஒல்லியான உடம்புக்காரர்களுக்கு, மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் அதிகம் நடக்கிறது என்று மருத்துவர் சொன்னார். உப்புக் கரைசலை மிக மெதுவாக ஏற்றினார்கள். ஏன் இவ்வளவு மெதுவாக என்று மகன் கேட்டான். வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகள் பாதிக்கும் என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மனிதர் திரும்பி வந்தார். கண் விழித்து மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கட்டினாய் என்று கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

வீட்டில் பெரியவர் ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசினால், நீர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குப் போதவில்லை. மறதி நோய் ஒரே வாரத்தில் வந்து நிற்காது. சோடியம் பரிசோதனை சாதாரண ரத்தப் பரிசோதனை, எந்த லேபிலும் பார்ப்பார்கள். நீர் மாத்திரையோ "சார்டான்", "பிரில்" வகையோ தொடங்கினாலும் அளவை மாற்றினாலும் ஓரிரு வாரத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். கூட்டத்தில் அவர்களுக்கு மறந்துபோகலாம். வாந்தி பேதியானாலும், சாப்பிடவே முடியாமல் காய்ச்சலில் கிடந்தாலும் இந்த மாத்திரைகளை அன்றைக்குப் போடலாமா, நிறுத்தி வைக்கலாமா என்று போன் செய்து கேட்டுவிடுவது நல்லது.

இப்போது அவருக்கு அம்லோடிபினும் டெல்மிசார்டானும்தான். அவருடைய சீட்டுகள் வைத்திருக்கும் ஃபைலின் முகப்பில் "தயசைடு வகை நீர் மாத்திரை: சோடியம் 119 ஆனது" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எந்த ஊரில் எந்த மருத்துவர் பார்த்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படும்.

புராஸ்டேட்டுக்காக அவர் டாம்சுலோசின் போடுகிறார். அதுவும் பிரஷரைக் கொஞ்சம் இறக்கும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். உட்கார்ந்து பார்த்தால் 128, எழுந்து நின்று பார்த்தால் 104. நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்து பார்க்கும்போது மட்டும் நன்றாக இருப்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது. இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மாத்திரை போடும் நேரத்தை மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டுத்தான் அவர் எழுந்திருக்கிறார். பாத்ரூம் வழியில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். சுவரில் பிடிமானக் கம்பி போட்டிருக்கிறோம்.

வீட்டில் மெஷின் வைத்துப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல் கையில் கட்டும் மெஷின் வாங்குங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் கழித்திருக்க வேண்டும். முதுகு சாய நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, பேசாமல் ஐந்து நிமிஷம் இருக்க வேண்டும். நம் வீடுகளில் பலரும் தரையில் சம்மணம் போட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு, டிவி பார்த்தபடி அளக்கிறோம். கை இதயத்தின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் அளவு ஏற்றிக் காட்டும். பெண்களுக்கு இன்னொரு விஷயம்: இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு அளக்கக் கூடாது. தளர்வான நைட்டி போட்டிருக்கும்போது பார்ப்பது நல்லது. பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் அளவு கூடுதலாகத்தான் காட்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து எழுதிக்கொள்கிறேன். வீட்டில் பார்ப்பதற்கு 135/85 என்பதுதான் கோடு. அதைத் தொடர்ந்து தாண்டினால் மருத்துவரிடம் பேச வேண்டும். ஒருநாள் ஏறியிருந்தால் அதற்காகப் பதறி இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது.

என் நோட்டில் அளவுக்குப் பக்கத்தில் "புதுசு" என்று ஒரு கட்டம் உண்டு. புது மாத்திரை, புது லேகியம், மூட்டு வலிக்குப் போட்ட ஊசி, தலைசுற்றல், தூக்கமின்மை எல்லாம் தேதியோடு அதில் ஏறிவிடும். கோயம்புத்தூர் மருத்துவர் அன்றைக்கு மேஜையில் செய்ததை இப்போது நானே செய்துகொள்கிறேன்.

மூட்டு வலி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் எல்லாமே பிரஷரை ஏற்றும். "சார்டான்" மாத்திரை, நீர் மாத்திரை, இந்த வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மிகவும் ஆபத்து. எனக்கு முழங்கால் வலிக்கு பாராசிட்டமால்தான், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில்தான். மூக்கடைப்புக்கு வாங்கும் ஜலதோஷ மாத்திரையில் ஃபினைலெஃப்ரின் இருந்தால் அதுவும் பிரஷரை ஏற்றும். கடையில் இருக்கும் தம்பியிடம் "எனக்குப் பிரஷர் இருக்கு" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்கிறேன்.

உப்பு விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு. குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டால் பயனில்லை. ஆனால் அவருக்கு நடந்தபின், உப்பே இல்லாமல் சாப்பிடுவதற்கும் நான் விடுவதில்லை. கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். டெல்மிசார்டான் போன்றவை உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். சிறுநீரகம் லேசாகப் பலவீனப்பட்டிருந்தால்கூட இரண்டும் சேர்ந்து பொட்டாசியம் எகிறி இதயத் துடிப்பைக் கெடுத்துவிடும். தினம் இரண்டு இளநீர் குடிப்பவர்களும் இதே காரணத்துக்காக மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருவில் சிலருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி. வரும் பெண் பொறுமையாகப் பிரஷரும் பார்த்துவிட்டுப் போகிறார். ஆனால் இரண்டு இடத்தில் மருத்துவம் பார்ப்பவர்கள் இரண்டு இடத்து அட்டைகளையும் பக்கத்தில் வைத்து, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும். கம்பெனிப் பெயர் வேறு வேறாக இருக்கும், உள்ளே அதே அம்லோடிபின் இருக்கும். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கச் சொல்லலாம்.

பிரஷர் சரியாகிவிட்டது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சரியாக இருப்பதே மாத்திரையால்தான். அதிலும் அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் நெஞ்சு படபடத்து, பிரஷர் எகிறி, இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்புவரை போகலாம். குளோனிடினும் அப்படித்தான். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்றுவதற்கு எத்தனையோ வகை மருந்து இருக்கிறது. "இது போட்டதிலிருந்து எனக்கு இப்படி இருக்கு, வேற மாத்தித் தர முடியுமா?" என்று கேட்டால் போதும். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எதற்கும் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. "பிரில்" வகை மாத்திரை போடுபவருக்கு உதடோ நாக்கோ முகமோ திடீரென்று வீங்கினால் மூச்சுக்குழாய் அடைத்துவிடும். பல வருஷம் ஒத்துக்கொண்ட மாத்திரையிலும் இது வரலாம். வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சுக் குழறுவது, நெஞ்சு வலி, மயங்கி விழுவது எதுவானாலும் நேரே 108. எங்கள் இருவருடைய மாத்திரைப் பட்டியலையும் மகன் டைப் செய்து கொடுத்திருக்கிறான். மருந்தின் பெயர், அளவு, ஒத்துக்கொள்ளாதவை எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பிரதி ஆதார் அட்டையோடு என் கைப்பையில், ஒன்று ஃபிரிட்ஜ் கதவில், ஒன்று எதிர்வீட்டில்.